பார்க்க மட்டும் வந்த விமானம்

குகதாசன் யோகாம்பாள் அக்காவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஆறாயிரத்து நானூற்றிருபது பிராங். ஆறாயிரம், மனைவி சிவகலாவைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்த ஏஜென்சிக்காரனுக்குப் போனது. நானூற்றிருபது, கடைசி நேரத்தில் டிக்கெட்டுக்குக் குறைந்த காசு. வட்டி இல்லை, எழுத்து இல்லை, தவணை இல்லை. தொண்ணூற்றுநாலாம் ஆண்டு மார்கழிக் குளிரில், சுவிஸ் நாட்டில் டீட்டிகோன் தபால் நிலையத்து வாசலில் நின்று, அக்கா எண்ணாமலே அவன் கையில் வைத்த காசு அது.

இரண்டு வருடத்துக்குள் அவன் அந்தக் காசைச் சேர்த்துவிட்டான். ஒரு கடித உறைக்குள் ஆறு ஆயிரத் தாள், நாலு நூறு, ஒரு ஐம்பது. மேலதிகமாக இருந்த முப்பது, அக்காவின் மகள் கோசலாவுக்கு இனிப்பு வாங்க. அந்த உறையை நாலு முறை கொண்டுபோனான். நாலு முறையும் அக்கா அதைத் திறக்காமலே அவன் சட்டைப் பைக்குள் திருப்பிச் செருகிவிட்டாள். போதாததற்கு ஒரு பெட்டியில் இடியப்பமும் சொதியும் போட்டு, மூடியில் ஒட்டுத்தாள் ஒட்டி, அதில் "தம்பிக்கு" என்று எழுதித் தந்து அனுப்புவாள்.

"என்ரை தம்பியைத் தோளிலை சுமந்து ஓடினவனட்டை நான் காசு எண்ணி வாங்குறதோ? போடா விசரா" என்பாள்.

யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் அதைச் சொல்லுவாள். தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம், ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் குண்டு விழுந்தது. அவளுடைய ஒரே தம்பி வரதராசாவைக் குகதாசன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் ஓடினான். பிறகு ஒரு சைக்கிள் கிடைத்தது. ஆறு மைல் மிதித்தான். ஆசுபத்திரி வாசலில் வரதராசாவின் மூச்சு நின்றது. சைக்கிளை நிறுத்தவும் தெரியாமல் குகதாசன் உள்ளே தள்ளிக்கொண்டு போனானாம். இதைச் சொல்லும்போது அக்கா சுவரில் இருக்கும் தம்பியின் படத்தைப் பார்ப்பாள். குகதாசன் தன் சப்பாத்தைப் பார்ப்பான்.

அவள் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கதைக்கு முன்னால் ஒரு இருபது நிமிடம் இருந்தது. அது சிவகலாவுக்கு மட்டும் தெரியும். அவள் ஒருமுறை கேட்டுவிட்டு, இரண்டாவது முறை கேட்க விரும்பவில்லை.

"அக்காவுக்கு மட்டும் வாய் திறந்திடாதேங்கோ" என்று சொல்லியிருந்தாள். "அவவை விட்டா எங்களுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?"

அதுவும் உண்மைதான். பொலிஸ் கடிதம் வந்தாலும் வீட்டுக்காரன் கடிதம் வந்தாலும் அக்காதான் வாசித்துச் சொல்லுவாள். சிவகலாவுக்கு முதல் கரு தங்காமல் போனபோது, ஆசுபத்திரிக் கதிரையில் இரண்டு நாள் இருந்தவள் அவள்தான். சொந்த அக்கா கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள். அந்த இருபது நிமிடம் தெரிந்தால் அந்த அக்கா இல்லை. அது குகதாசனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கிழமை நாட்களில் அவன் டீட்டிகோனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றினான். சனிக்கிழமைகளில், பஸ் போய் முடிகிற இடத்துக்கு அப்பால், புல் வெளியில் இருக்கும் ஒரு சின்ன விமானத் திடலில் கொட்டகை கூட்டினான். மணிக்குப் பதினெட்டு பிராங். அங்கே ஹெர் ஸ்டெட்லர் என்ற ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் பழைய விமானம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். முதல் மாதம் குகதாசன் விளக்குமாற்றோடு அந்த விமானத்தைச் சுற்றிப் போனான். இரண்டாம் மாதம் ஸ்டெட்லர் அவன் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிட்டார்.

அந்த விமானத்தின் பெயர் ஜெர்மன் மொழியில் நாரை. பெயருக்கு ஏற்றபடி நீளமான மெல்லிய கால்கள். காலுக்குள் இருக்கும் சுருள், தரையில் இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உடம்பு இரும்புக் குழாய், செட்டை பலகை, மேலே இறுக்கிக் கட்டிய துணி. செட்டையைப் பின்னால் மடித்தால் வண்டில் கொட்டகைக்குள்ளும் நிறுத்தலாம். எதிர்க் காற்று நன்றாக வீசினால் இருபது மீற்றர் நிலத்தில் இறங்கிவிடும், ஒரு டெனிஸ் மைதானம் போதும் என்று ஸ்டெட்லர் கையை விரித்துக் காட்டுவார். முப்பத்தாறாம் ஆண்டு முதன்முதல் பறந்தது. பிறகு போர் வந்தது. ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். கடிதம் கொண்டுபோக, அதிகாரிகளை ஏற்றி இறக்க, காயக்காரரைத் தூக்கிவர என்று முன்னரங்கு எங்கும் அதுதான் ஓடித் திரிந்தது. போர் முடிந்த பிறகும் பிரான்சிலும் செக் நாட்டிலும் அதே விமானத்தை வேறு பெயரில் கட்டினார்களாம்.

ஸ்டெட்லருக்குப் பிடித்த கதை இதுவல்ல. நாற்பத்தாறாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு அமெரிக்க விமானம் வழி தவறி, பெர்ன் மலைகளில் பனியாற்றின் மேல் விழுந்தது. பன்னிரண்டு பேர் ஐந்து நாளாகக் குளிருக்குள் கிடந்தார்கள். நடந்துபோய் அவர்களைக் கீழே கொண்டுவருவது பெரும்பாடு. சுவிஸ் விமானிகள் இருவர் இரண்டு நாரைகளுக்குச் சறுக்குக்கட்டை பூட்டி, பனியின் மேலேயே இறக்கி, மாறி மாறிப் பறந்து பன்னிரண்டு பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். அந்தப் படம் கொட்டகைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. திருத்திக்கொண்டிருந்த விமானம் அந்த இரண்டில் ஒன்று அல்ல. போர் முடியும் தறுவாயில் யாரோ ஒரு ஜெர்மன்காரன் எல்லை தாண்டிக் கொண்டுவந்து, ஏரிக்கரைப் புல்லில் இறக்கிவிட்டுக் கை தூக்கியது இது. ஆனாலும் வருகிற பிள்ளைகளுக்கு ஸ்டெட்லர் அந்தப் படத்தைக் காட்டித்தான் கதையைத் தொடங்குவார். "இந்தக் குடும்பம் உயிர் காத்த குடும்பம்" என்பார்.

குகதாசனுக்கும் அந்தக் கதை பிடித்தது. உயிர் காத்த விமானம் ஒன்று உலகத்தில் இருப்பது அவனுக்குப் புதினமாக இருந்தது. ஒரு விஷயம் மட்டும் இடித்தது. ஸ்டெட்லர் ஒருநாள் இயந்திரத்தைத் தனியே கழற்றி இரும்புத் தாங்கியில் வைத்து ஓட விட்டார். மெதுவாக, அடைத்த குரலில் அது உறுமத் தொடங்கியதும் குகதாசனின் கை தானாகச் சுவரைத் தேடியது. குளிராக்கும் என்று ஸ்டெட்லர் கோப்பி ஊற்றித் தந்தார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசியில் ஒரு சனிக்கிழமை, பின் இருக்கையைக் கழற்றச் சொன்னார். வேவு பார்ப்பவன் இருக்கும் இடம் அது. இரண்டு பக்கமும் கண்ணாடி உடம்பை விட வெளியே பிதுங்கி இருந்தது. குனியாமலே நேர் கீழே பார்க்கலாம். இருக்கைக்குப் பக்கத்துத் தகட்டைக் கழற்றியபோது, அதற்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கடதாசி சிக்கியிருந்தது. உள்ளங்கை அளவு, கட்டம் போட்டது, பென்சில் எழுத்து. மேல் மூலையில் எண்ணெய் ஊறியிருந்தது.

குகதாசன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். ஊரில் இரண்டாம் வகுப்போடு மூட்டை தூக்கப் போனவன். அகதி முகாமில் முப்பத்துநாலு வயதில்தான் தமிழும் ஜெர்மனும் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. புதிய எழுத்து எதைக் கண்டாலும் வாசித்துப் பார்க்காமல் விடமாட்டான். இந்தக் கிறுக்கலில் பாதி விளங்கவில்லை. ஆனால் சில சொற்கள் எழும்பி வந்தன.

ஒன்பது நாற்பது. அது நேரம்.

புருன்னன். அது அவனுக்குத் தெரியும். இங்கே ஒவ்வொரு ஊர்ச் சந்தியிலும் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கு அந்தப் பெயர்தான், கிணற்றுக்கும் அதுதான்.

முப்பது தொடக்கம் நாற்பது பெர்சோனன். பஸ்ஸுக்குள் எழுதியிருக்கும், இத்தனை பேர் ஏறலாம் என்று.

ரைஹே. வரிசை. வெளிநாட்டவர் காரியாலயத்தில் முதல் நாளே கற்ற சொல். வரிசையில் நில்.

கடைசி வரியில் கெமெல்டெட். அறிவித்தாயிற்று, பதிந்தாயிற்று. நகரசபையில் வீடு மாறும்போதெல்லாம் குத்தித் தருகிற முத்திரை. அதற்குப் பக்கத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு.

அவன் சொற்களைச் சேர்த்தான். கிணற்றடியில் முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அறிவித்தாயிற்று.

காதுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெட்லர் ரேடியோவில் ஏதோ பாட்டு வைத்திருந்தார், அது வாயை மட்டும் அசைப்பது போல இருந்தது. குகதாசன் பின் இருக்கைக்குள் அப்படியே குந்தியிருந்தான். பிதுங்கிய கண்ணாடி வழியே கீழே கொட்டகையின் சிமெந்துத் தரை தெரிந்தது. அவன் கூட்டிவைத்த தூசிக் குவியல் தெரிந்தது. இப்படித்தான் தெரிந்திருக்கிறது. இவ்வளவு தெளிவாக. எத்தனை பேர் என்று எண்ணலாம்.

ஸ்டெட்லர் வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கடதாசியை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார். பிறகு கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஊர்ப் பெயர் ஒன்று இருக்கிறது, கிழக்கே எங்கேயோ, தனக்குத் தெரியாத ஊர் என்றார். பிறகு என்ன நடந்தது என்று குகதாசன் கேட்டான். தெரியாது, வழக்கமாக இந்தக் குறிப்பு பீரங்கிக்காரரிடம் போகும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ தன்னைக் குற்றம் சாட்டியது போலச் சொன்னார்:

"இதில் குண்டு இல்லை, குகதாசன். இது பார்க்க மட்டும்."

அந்த வசனத்தை அவன் அறிவான். அது அவனுடைய வசனம்.

சங்கக்கடையில் அவன் மூட்டை இறக்கும் கூலியாள். ஊரில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. வானத்தில் சத்தம் கேட்டால் எல்லாரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஹெலி எது, பொம்மர் எது, பலாலிக்குச் சாமான் கொண்டுபோகிற அவ்ரோ எது என்று, கண்ணில் படும் முன்னரே காதால் சொல்லிவிடுவான். எழுத்துத் தெரியாதவனுக்கு அந்த மரியாதை பெரிய மரியாதை. அன்றைக்கு மண்ணெண்ணெய் கொடுக்கிற நாள். காலை தொடக்கம் நாற்பது பேர் வரை வரிசையில் நின்றார்கள். பத்து மணியளவில் ஒரு சின்னப் பிளேன் வந்து மெதுவாக வட்டம் போட்டது. சனம் கலைந்து பங்கர்ப் பக்கம் போனது. வரதராசா பங்கருக்குள் இறங்கியே விட்டான்.

குகதாசன் கடை வாசலில் நின்று மேலே பார்த்துச் சிரித்தான். அது வேவு பார்க்கிற பிளேன், குண்டு இல்லை, பார்க்க மட்டும், வரிசையைக் குழப்பாமல் வந்து நில்லுங்கோ என்று சத்தம் போட்டான். குழம்பினால் யார் முன், யார் பின் என்று அரை நாள் சண்டை. அதைத் தீர்க்கிறதும் அவன் வேலை. சனம் திரும்பி வந்தது. வரதராசா பங்கரிலிருந்து ஏறி, மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு, தன் இடத்தில் நின்றான். "குகன் சொன்னால் சரிதான்" என்றான். குகதாசன் பீப்பா உருட்டக் கடைக்குள் போனான். சின்னப் பிளேன் போய்விட்டது. இருபது நிமிடத்தில் பொம்மர் வந்தது.

அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பிளேன் குண்டு போடவில்லை. ஏழு வருடமாக அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் வேலை செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை போனபோது ஸ்டெட்லர் அந்தக் கடதாசிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார். பனியாற்றுப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க ஏணியைப் பிடிக்கச் சொன்னார். விமானத் திடலை நடத்தும் கழகத்தின் தலைவர் வந்து பார்த்துவிட்டு, வசந்த காலத்தில் சனம் பார்க்க வரும் நாளில் இது வேண்டாமே, பிள்ளைகளும் வருவார்கள் என்று இழுத்தார். ஸ்டெட்லர் ஏணியில் நின்றபடியே பதில் சொன்னார். முப்பது வருடமாகத் தான் பாதிக் கதையைச் சொல்லி வந்ததாகவும், மற்றப் பாதி தனக்குத் தெரியாமல் இருந்ததாகவும், இனித் தெரிந்துகொண்டு மறைத்தால் அது வேறு என்றும். தலைவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

குகதாசன் ஏணியை விடவில்லை. கிழவருக்காவது தெரியாமல் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய், அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சிவகலாவிடம் சொன்னான். அவள் சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள். உங்களுக்குப் பாரம் இறங்கும், எங்களுக்கு அக்கா இல்லாமல் போவா என்றாள். அவள் வாயும் வயிறுமாக இருந்தாள், ஆறாம் மாதம். ஞாயிறு மத்தியானம் கடித உறையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். அவள் தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை.

அக்கா வீட்டில் ஆட்டிறைச்சி வாசம். அவளுடைய கணவர் சண்முகலிங்கம் சோபாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கோசலா மேசையில் பள்ளிக்கூடக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். உறையைக் கண்டதும் அக்கா சிரித்தாள்.

"ஐஞ்சாந்தரமோ? உனக்கு அலுக்கேல்லையோ? உள்ளை வை. இருந்து சாப்பிடு."

குகதாசன் உட்காரவில்லை. ஸ்டெட்லரையும் கடதாசியையும் பற்றிச் சொல்லிவிட்டு வரலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான். அது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, அண்டைக்கு வரதன் பங்கருக்குள்ளை போனவன்."

அவளுடைய அகப்பை நின்றது.

"ஆர் சொன்னது?"

"நான் பாத்தனான். சின்னப் பிளேன் வட்டம் போடேக்கை எல்லாரும் போனவை. நான்தான் கூப்பிட்டனான். அது பாக்கிற பிளேன், குண்டு இல்லை, வந்து லைன்லை நில்லுங்கோ எண்டு. என்ரை சொல்லைக் கேட்டு ஏறி வந்தவன்."

சண்முகலிங்கம் பேப்பரை மடித்தார். குகதாசன் மீதியையும் சொன்னான், பொம்மர் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பது வரை. அக்கா அடுப்பை அணைத்தாள். தம்பியின் படத்தை இந்த முறை அவள் பார்க்கவில்லை. குகதாசனைத்தான் பார்த்தாள், முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் நிற்பது போல.

"நீ எங்கை நிண்டனி?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

"கடைக்குள்ளை, அக்கா."

"கல்லுச் சுவருக்குள்ளை."

"ஓம்."

சண்முகலிங்கம் இடையில் புகுந்து, போர் நேரம், ஆருக்கு என்ன தெரியும், அவன் வேணுமெண்டு சொன்னவனோ என்று ஏதோ சொன்னார். அவள் கையை மட்டும் உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவள் சீலைத் தலைப்பில் கைகளைத் துடைத்தாள், துடைத்தபிறகும் துடைத்தாள்.

"ஏழு வருசம்" என்றாள். "வாற போற சனத்துக்கெல்லாம் நான் இதைச் சொல்லிச் சொல்லி... நீயும் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனி."

குகதாசனுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் மேசைக்கு வந்தாள். கோசலாவின் கொப்பியைத் தள்ளிவைத்தாள். உறையைக் கிழித்துத் தாள்களை வெளியே எடுத்தாள். ஆயிரங்களை ஒவ்வொன்றாகப் பரப்பி ஆறு என்று எண்ணினாள். நூறுகளை எண்ணினாள். ஐம்பது தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, எழும்பிப் போய்த் தன் கைப்பையைக் கொண்டுவந்தாள். ஒரு இருபதையும் ஒரு பத்தையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"மிச்சம்."

"அது கோசலாவுக்கு, அக்கா."

"வேண்டாம். என்ரை காசு ஆறாயிரத்து நானூற்றிருபது."

கோசலாவின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். நின்றபடியே எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், தேதி போட்டாள். இங்கே கடையிலும் காரியாலயத்திலும் காசு கட்டினால் தருவார்களே பற்றுச்சீட்டு, அதுபோல இரண்டாக மடித்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. கோசலா தாயின் பக்கமும் அவன் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். சண்முகலிங்கம் அவனை வாசல்வரை கூட்டிவந்து, பிறகு பார்ப்பம், கொஞ்ச நாள் போகட்டும் என்று மெல்லச் சொல்லிக் கதவை மூடினார்.

படிக்கட்டில் ஜன்னல் இல்லை. குகதாசன் சுவர் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. ஒவ்வொரு முறையும் இந்தப் படியில் அவன் கையில் சூடான பெட்டி ஒன்று இருக்கும். இப்போது முப்பது பிராங்கும் மடித்த தாளும் இருந்தன. தாளை விரித்து எழுத்துக் கூட்டினான்.

"திரு. குகதாசன் அவர்களிடமிருந்து ஆறாயிரத்து நானூற்றிருபது பிராங் முழுதாகப் பெற்றுக்கொண்டேன். கடன் தீர்ந்தது. யோகாம்பாள் சண்முகலிங்கம்."

எல்லாச் சொல்லும் ஒரே தடவையில் விளங்கியது. முதல் சொல்லில் மட்டும் கண் போய்ப் போய் நின்றது. அவள் தன் கையால் அவனுக்கு எழுதித் தந்ததெல்லாம் பெட்டி மூடியில் "தம்பிக்கு" என்பதுதான். விளக்கு தன் நேரம் முடிந்து அணைந்தது. அவன் பொத்தானை மறுபடியும் அழுத்தி, "திரு" விலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினான்.